பிணைய சுவிட்சில் பயனர் அணுகலும் கட்டளை வரி அமர்வுகளும்

பிணைய சுவிட்ச் என்பது அலுவலகம், கல்லூரி, தரவு மையம் போன்ற இடங்களில் கணினிகள், அச்சுப்பொறிகள், கண்காணிப்புக் கேமராக்கள், வைஃபை பெட்டிகள் ஆகியவற்றைக் கம்பிவழி ஒன்றோடொன்று இணைக்கும் சாதனம் ஆகும். தமிழில் இது பிணைய நிலைமாற்றி என்றும் எழுதப்படுகிறது. வீட்டுக்கு வாங்கும் ஐந்து போர்ட் சுவிட்சில் அமைப்பதற்கு ஒன்றும் இல்லை. மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும். நிறுவனங்களில் உள்ள நிர்வகிக்கத்தக்க சுவிட்சினுள் ஓர் இயக்குதளமே ஓடுகிறது. நிர்வாகி அதற்குள் உள்நுழைந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து அதை ஆள்கிறார். இவ்வாறு ஒருவர் உள்நுழைந்தது முதல் வெளியேறும் வரையிலான தொடர்பு அமர்வு எனப்படும்.

யார் நுழையலாம், நுழைந்தவர் எதுவரை செய்யலாம், அவர் எழுந்து போன பின் அமர்வு என்னவாகிறது என்ற மூன்றையும் வரையறுப்பதே பயனர் அணுகல் மேலாண்மை. சுவிட்சுக்குள் நுழைந்த ஒருவர் ஒரு போர்ட்டில் போய்வரும் தரவு முழுவதையும் இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து அனுப்ப முடியும். கணக்குப் பிரிவின் கணினிகளை விருந்தினர் வைஃபையோடு ஒரே விலேனில் சேர்த்துவிட முடியும். ஒரு மாடி முழுவதையும் துண்டிக்கவும் முடியும். முதல் இரண்டும் நடக்கும்போது கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

இக்கட்டுரை சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் வகை சுவிட்சுகளையும் அவற்றில் ஓடும் ஐஓஎஸ் இயக்குதளத்தையும் எடுத்துக்கொள்கிறது. வேறு பல நிறுவனங்களின் கட்டளைகளும் இதே சாயலில் அமைந்தவை. கட்டளைகள் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யப்படுபவை. இங்கு ஒலிப்புப்படி ஒற்றை மேற்கோளுக்குள் தரப்படுகின்றன.

நுழையும் வழிகள்

முதல் வழி கன்சோல் போர்ட். மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிளை நேரடியாகச் சுவிட்சில் செருகி, முனைய நிரலில் 9600 பாட் வேகம், 8 தரவு பிட்டுகள், 1 நிறுத்த பிட் என்று அமைத்தால் சுவிட்ச் பேசத் தொடங்கும். பிணையம் முற்றாக விழுந்துவிட்டாலும் இந்த வழி வேலை செய்யும். ஆனால் சுவிட்ச் இருக்கும் அலமாரிக்கு முன்னால் ஆள் போய் நிற்க வேண்டும். அலமாரியின் பூட்டும் அணுகல் கட்டுப்பாட்டின் ஒரு பகுதிதான் என்பது பல இடங்களில் மறந்துபோகிறது.

இரண்டாவது வழி பிணையத்தின் ஊடாக வருவது. இதற்காகச் சுவிட்சில் விடிஒய் எனப்படும் மெய்நிகர் முனைய வரிகள் உள்ளன. இவை கண்ணுக்குத் தெரியும் போர்ட்டுகள் அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை பேர் தொலைவிலிருந்து உள்ளே இருக்கலாம் என்பதற்கான இருக்கைகள் எனலாம். பெரும்பாலான கேட்டலிஸ்ட் மாடல்களில் 0 முதல் 15 வரை 16 வரிகள் உண்டு. புதியவற்றில் அதைவிடக் கூடுதலாகவும் உண்டு. வருபவருக்கு, காலியாக உள்ளவற்றில் குறைந்த எண் கொண்ட வரி கிடைக்கும்.

இங்கேதான் மிகப் பழைய ஓட்டை ஒன்று இருக்கிறது. உள்ளமைவுக் கோப்பில் இந்த வரிகள் 'லைன் விடிஒய் 0 4' என்றும் 'லைன் விடிஒய் 5 15' என்றும் இரு தொகுதிகளாகத் தோன்றும். பாடநூல்களின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் முதல் தொகுதியோடு நின்றுவிடுவதால், பலர் அதை மட்டும் இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர். ஐந்து பேர் உள்ளே இருக்கும்போது வரும் ஆறாவது ஆள் 5ஆம் வரியில் அமர்கிறார். அந்த வரிக்கு எந்த விதி எழுதப்பட்டுள்ளதோ அதுவே அவருக்குப் பொருந்தும். சுவிட்சைத் தணிக்கை செய்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த இரண்டாவது தொகுதி.

வரிகளில் எழுதப்படும் சொற்களும் ஏமாற்றக்கூடியவை. 'லாகின்' என்று எழுதி, கடவுச்சொல் வைக்காமல் விட்டால் சுவிட்ச் யாரையும் உள்ளே விடாது. கடவுச்சொல் தேவை, ஆனால் வைக்கப்படவில்லை என்று சொல்லித் துண்டித்துவிடும். 'நோ லாகின்' என்று எழுதினாலோ எதையும் கேட்காமல் எவரையும் உள்ளே விடும். உள்நுழைவு இல்லை என்பதைப் போல ஒலிக்கும் இக்கட்டளையின் உண்மைப் பொருள், உள்நுழைவுச் சோதனை இல்லை என்பதாகும்.

எந்த முகவரிகளிலிருந்து வரலாம் என்பதையும் வரையறுக்கலாம். நிர்வாகிகளின் கணினிகள் உள்ள முகவரித் தொகுதியை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் ஒன்றை எழுதி, அதை 'ஆக்சஸ்-கிளாஸ்' கட்டளையால் விடிஒய் வரிகளோடு கட்டிவிட்டால், மற்ற இடங்களிலிருந்து வருபவருக்குக் கடவுச்சொல் கேட்கும் திரையே வராது. இதை எல்லா வரிகளிலும் செய்ய வேண்டும்.

சிறப்புரிமை நிலைகள்

உள்நுழைந்தவர் அனைவரும் ஒரே அதிகாரம் உடையவர் அல்லர். ஐஓஎஸ் 0 முதல் 15 வரை 16 சிறப்புரிமை நிலைகளை வைத்துள்ளது. நிலை 1 சாதாரணப் பயனருக்கானது. திரையில் பெயருக்குப் பின் வலது கோணக்குறி தெரியும். சில நிலவரங்களைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. 'எனேபிள்' என்று தட்டி, அதற்குரிய கடவுச்சொல்லைக் கொடுத்தால் நிலை 15. குறி ஹாஷ் ஆக மாறும். அங்கிருந்து எதையும் செய்யலாம்.

இடையில் உள்ள 2 முதல் 14 வரையிலான நிலைகளை நிறுவனமே வடிவமைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த ஏற்பாடு நடைமுறையில் சிக்கலானது. பல சொற்கள் கொண்ட ஒரு கட்டளையை வேறு நிலைக்கு நகர்த்தினால், அதன் முன்னொட்டாக வரும் சொற்களும் கூடவே நகர்ந்துவிடும். 'ஷோ ஐபி ரூட்' என்பதை நிலை 15க்கு உயர்த்தினால் 'ஷோ', 'ஷோ ஐபி' ஆகியவையும் உயர்ந்துவிடும். பின்பு அவற்றைத் தனித்தனியே கீழே இறக்க வேண்டும். கீழ்நிலைப் பயனருக்கு ஓடும் உள்ளமைவைக் காட்டும் கட்டளையை அனுமதித்தாலும், அவர் மாற்ற உரிமை பெற்ற பகுதிகள் மட்டுமே தெரியும். பெரும்பாலும் ஏறக்குறைய வெற்றுப் பக்கம். எனவே நுணுக்கமான பங்கீடு தேவைப்படும் இடங்களில் இந்த நிலைகளை நம்புவதைவிட, பின்னர் கூறப்படும் மைய வழங்கியிடம் அந்த வேலையை ஒப்படைப்பதே நல்லது.

கடவுச்சொல் சேமிக்கப்படும் விதம்

சுவிட்சின் உள்ளமைவு ஓர் உரைக்கோப்பு. அது மின்னஞ்சலில் போகும், காப்புப்பிரதியாக வேறொரு வழங்கியில் கிடக்கும், உதவி கேட்கும்போது அப்படியே ஒட்டப்படும். ஆகவே அதற்குள் கடவுச்சொல் எந்த உருவில் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. சிஸ்கோ இந்த உருவங்களுக்கு எண் கொடுத்திருக்கிறது.

வகை 0 என்பது வெறும் எழுத்து, படித்தவருக்குப் புரியும். வகை 7 பார்ப்பதற்குக் குழம்பிய எண்களாக இருந்தாலும் மறையாக்கம் என்ற பெயருக்கு உரியதல்ல. எல்லாச் சாதனங்களிலும் ஒரே நிலையான சாவியைக் கொண்டு எழுத்துகள் மாற்றப்படுகின்றன. அந்தச் சாவி 1990களிலேயே வெளியே தெரிந்துவிட்டது. இன்று எந்த வலை உலாவியிலும் ஒரு நொடியில் மூலச் சொல்லை மீட்டுவிடலாம். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மறைக்க மட்டுமே இது உதவும். ஆனாலும் 'சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்' என்ற பெயர் தரும் நம்பிக்கையில், இதைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வகை 5 உப்பிட்ட எம்டி5 முறையை 1000 முறை சுழற்றிப் பெறும் ஒருவழிக் குறியீடு. அது உருவான காலத்துக்குப் போதுமானது. இன்றைய வரைகலை அட்டைகளின் வேகத்துக்கு முன் பலவீனமானது. அதற்கு மாற்றாக வந்த வகை 4 ஒரு வேடிக்கையான தோல்வி. உப்புச் சேர்த்து 1000 சுற்றுகள் சுழற்ற வேண்டும் என்பது வடிவமைப்பு. செயல்படுத்தியபோது உப்பும் இல்லை, சுற்றும் இல்லை. ஒரே ஒரு ஷா-256 கணக்கீடு மட்டுமே நடந்தது. ஹாஷ்கேட் திட்டத்தைச் சேர்ந்த இருவர் இதைக் கண்டறிய, 2013இல் சிஸ்கோ தவறை ஒப்புக்கொண்டு அறிவிப்பு வெளியிட்டது. புதியது பழையதைவிட வலுவற்றதாகப் போன நிகழ்வு அது.

இப்போது பயன்படுத்தத் தக்கவை வகை 8, வகை 9 ஆகிய இரண்டு. முன்னது ஷா-256ஐ 20,000 சுற்றுகள் சுழற்றுகிறது; பின்னது நினைவகத்தை அதிகம் கேட்கும் எஸ்கிரிப்ட் முறையில் அமைந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2022இல் வெளியிட்ட வழிகாட்டி வகை 8ஐப் பரிந்துரைத்து, 0, 4, 7 ஆகியவற்றை விலக்குமாறு கூறுகிறது. 'எனேபிள் பாஸ்வேர்ட்', 'எனேபிள் சீக்ரெட்' என்ற இரண்டும் கோப்பில் இருந்தால் இரண்டாவதே செல்லும். முதலாவதை நீக்கிவிடுவது நல்லது. அதே சொல் வேறெங்கும் பயன்பட்டிருந்தால் அது அங்கே திறந்த சாவியாகக் கிடக்கிறது.

பொதுக் கடவுச்சொல்லும் தனிக் கணக்கும்

வரியிலேயே ஒரு கடவுச்சொல்லை வைத்து, அதை ஆறேழு பேர் பகிர்ந்துகொள்வது எளிய வழி. நள்ளிரவில் ஒரு போர்ட் அணைக்கப்பட்டது என்றால், அணைத்தது யார் என்ற கேள்விக்கு இந்த முறையில் பதிலே கிடைக்காது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லாச் சுவிட்சுகளிலும் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லோருக்கும் புதியதைச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் விடுவதுதான் வழக்கம்.

'யூசர்நேம்' கட்டளையால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்கி, வரியில் 'லாகின் லோக்கல்' என்று எழுதினால் பதிவேட்டில் பெயர் விழத் தொடங்கும். சுவிட்சுகள் பத்து இருபது என்று பெருகும்போது இதுவும் தளர்ந்துவிடும். அப்போது தேவைப்படுவது மையப்படுத்திய வழங்கி. சுவிட்ச் தானே முடிவு செய்யாமல், பெயரையும் கடவுச்சொல்லையும் வழங்கியிடம் அனுப்பிக் கேட்கிறது. யார் என்று உறுதி செய்தல், எதற்கு உரிமை என்று சொல்லுதல், என்ன செய்தார் என்று பதிதல் என்ற மூன்று வேலைகளும் சேர்ந்து ஏஏஏ என்று அழைக்கப்படுகின்றன.

இதற்கு இரண்டு நெறிமுறைகள் புழக்கத்தில் உள்ளன. ரேடியஸ் பெரும்பாலும் யூடிபி 1812, 1813 ஆகிய போர்ட்டுகளில் இயங்குகிறது; கடவுச்சொல்லை மட்டும் மறைத்து மற்றவற்றைத் திறந்தபடி அனுப்புகிறது. எம்டி5ஐ நம்பியிருக்கும் அதன் பதில்களைப் போலியாக உருவாக்க முடியும் என்பதை 2024இல் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் தாக்குதல் காட்டியது. டாகாக்ஸ் பிளஸ் டிசிபி 49இல் இயங்குகிறது. செய்தியின் உடல் முழுவதையும் மறைக்கிறது. அதன் மறைப்பு முறையும் பழையதே என்றாலும், சுவிட்ச் நிர்வாகத்துக்கு அதில் ஒரு பெரும் வசதி உண்டு: தட்டப்படும் ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே அனுமதிக்கவோ மறுக்கவோ பதியவோ வழங்கியால் முடியும்.

வழங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முதலில் டாகாக்ஸ் வழங்கி, பிறகு உள்ளூர்க் கணக்கு என்று வரிசை கொடுப்பது வழக்கம். இந்த வரிசையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். வழங்கி பதிலே சொல்லாதபோதுதான் சுவிட்ச் உள்ளூர்க் கணக்கைப் பார்க்கும். வழங்கி உயிரோடு இருந்து, இவரை அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டால் அதுவே முடிவு. உள்ளூர்க் கணக்கு அப்போது பயன்படாது.

'ஏஏஏ நியூ-மாடல்' என்ற கட்டளை தட்டிய கணத்திலேயே செயலுக்கு வரும்; அந்த நொடி முதல் விடிஒய் வரிகள் உள்ளூர்க் கணக்கைக் கேட்கும். கணக்கு எதுவும் உருவாக்காமல் இதைத் தட்டியவர் தம் அமர்வு முடிந்ததும் மறுபடி தொலைவிலிருந்து நுழைய முடியாது. அதனால் அனுபவமுள்ள நிர்வாகிகள் முதலில் கணக்கை உருவாக்குவர். கட்டளையைக் கொடுத்த பின் முதல் சாளரத்தை மூடாமல் இரண்டாவது சாளரம் திறந்து நுழைந்து பார்ப்பர். அது உள்ளே விட்டால்தான் முதலாவதை மூடுவர்.

டெல்நெட்டும் எஸ்எஸ்எச்சும்

டெல்நெட் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் மறைக்காமல் அனுப்பும் பழைய நெறிமுறை. வழியில் ஒட்டுக்கேட்பவருக்குக் கடவுச்சொல் எழுத்தெழுத்தாகக் கிடைக்கும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பின்னரே, அங்கிருந்த டாட்டு இலோனென் 1995இல் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார்.

சுவிட்சில் அதை இயக்க, சாதனத்துக்கு ஒரு பெயரும் ஆள்களப் பெயரும் கொடுத்து, ஆர்எஸ்ஏ சாவியை உருவாக்க வேண்டும். 2 என்ற பதிப்புக்கு 768 பிட்டுகளாவது தேவை. 2048க்குக் குறையாமல் வைப்பதே இன்று முறை. அதன்பின் எல்லா விடிஒய் வரிகளிலும் 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்' என்று எழுதினால் டெல்நெட் அடைபடும்.

உள்வலையில் யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்று டெல்நெட்டைத் திறந்தே வைத்திருந்த பலருக்கு 2017 மார்ச் மாதம் வேறு வழியில் விடை வந்தது. அமெரிக்க உளவு முகமையான சிஐஏவின் கருவிகள் பற்றிய ஆவணங்களை விக்கிலீக்ஸ் வெளியிட, அவற்றை ஆராய்ந்த சிஸ்கோ தன் சுவிட்சுகளில் ஒரு குறையைக் கண்டது. பல சுவிட்சுகளைக் கொத்தாக நிர்வகிக்க உதவும் உள்நெறிமுறை ஒன்று டெல்நெட்டின் மேல் கட்டப்பட்டிருந்தது. அதற்கென ஒதுக்கிய சிறப்புத் தெரிவுகளைக் கொத்தில் இல்லாத எவர் அனுப்பினாலும் சுவிட்ச் ஏற்றுக்கொண்டது. கடவுச்சொல் இல்லாமலே முழு அதிகாரம் கைக்கு வந்துவிடும். பாதிக்கப்பட்டவை 300க்கும் மேற்பட்ட மாடல்கள். திருத்திய மென்பொருள் வர வாரங்கள் ஆயின. அதுவரை நிறுவனம் சொன்ன வழி டெல்நெட்டை அணையுங்கள் என்பதே. ஏற்கெனவே எஸ்எஸ்எச் மட்டும் வைத்திருந்தவர்கள் அன்று எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அமர்வு திறந்திருக்கும்போது

உள்ளே வந்தவர் பத்து நிமிடம் எதையும் தட்டாவிட்டால் சுவிட்ச் தானாக அமர்வை மூடும். இதை 'எக்ஸெக்-டைம்அவுட்' கட்டளையால் மாற்றலாம். ஆய்வகத்தில் படிக்கும்போது தொல்லையாக இருக்கிறதென்று இரண்டு சுழியங்கள் கொடுத்து இதை நிரந்தரமாக நிறுத்திவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கம் வேலைக்கு வரும்போதும் கூடவே வருகிறது. கன்சோலில் அப்படி விட்டுப் போன அமர்வு, அடுத்துக் கேபிளைச் செருகுபவருக்கு ஹாஷ் குறியோடு காத்திருக்கும். கேபிளைப் பிடுங்கினாலும் அமர்வு மூடிவிடுவதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

இணைய இணைப்பு அறுந்து மடிக்கணினி அணைந்துபோனால், மறுமுனை இல்லாத அமர்வு வரியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். இத்தகையவை சேர்ந்தால் இருக்கைகள் தீர்ந்துபோகும். 'சர்வீஸ் டிசிபி-கீப்அலைவ்ஸ்-இன்' என்ற கட்டளை அவ்வப்போது மறுமுனையைத் தட்டிப் பார்த்து, பதில் இல்லாதவற்றைக் களையும். கையால் செய்வதானால் 'ஷோ யூசர்ஸ்' தட்ட வேண்டும். எந்த வரியில் யார், எந்த முகவரியிலிருந்து, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்ற பட்டியல் வரும்; நட்சத்திரக் குறி உள்ளது தம்முடைய வரி. தேவையற்றதை 'கிளியர் லைன் விடிஒய்' என்பதோடு எண்ணைச் சேர்த்துக் கொடுத்து நீக்கலாம். எண்ணை இருமுறை பார்ப்பது நல்லது. மறுமுனையில் சக ஊழியர் பாதி வேலையில் இருக்கக்கூடும்.

அந்தப் பட்டியலைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. ஐஓஎஸில் தட்டிய கட்டளை உடனே நடைமுறைக்கு வருகிறது. இருவர் ஒரே நேரத்தில் உள்ளமைவை மாற்றினால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க நேரலாம், சுவிட்ச் எச்சரிக்காது. ஜூனிபர் நிறுவனத்தின் ஜூனோஸ் இதில் வேறுபட்டது. அங்கே மாற்றங்கள் வரைவாகச் சேர்ந்து, 'கமிட்' கொடுத்த பின்னரே நடைமுறைக்கு வருகின்றன. உறுதி செய்யும் வகைக் கமிட்டைப் பயன்படுத்தினால், பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலை தானாகத் திரும்பிவிடும்.

ஐஓஎஸில் அதற்கு ஈடாக ஒரு பழைய உத்தி இருக்கிறது. தொலைவிலிருந்து ஆபத்தான மாற்றம் செய்யப் போகிறவர் முதலில் நடப்பு உள்ளமைவைச் சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 10' என்று தட்டுகிறார். பத்து நிமிடத்தில் சுவிட்ச் மறுதொடக்கம் ஆகும். பிறகு மாற்றத்தைச் செய்கிறார், சேமிப்பதில்லை. தாம் அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டிவிட்டால், சுவிட்ச் தானாக அணைந்து எழுந்து பழைய உள்ளமைவோடு வரும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டுச் சேமிக்கிறார். ரத்து செய்ய மறந்தால் பட்டப்பகலில் ஒரு மாடி முழுவதும் சில நிமிடம் இருளும்.

சிறிய வசதிகளில் இரண்டு. பதிவுச் செய்திகள் தட்டச்சின் நடுவே குதிப்பதை 'லாகிங் சிங்க்ரனஸ்' சரி செய்கிறது. கட்டளையில் ஓர் எழுத்து பிழைத்தால், சுவிட்ச் அதை ஒரு கணினியின் பெயர் என எண்ணித் தேடப் போய்ப் பல நொடிகள் உறைந்து நிற்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்பும். 'டிரான்ஸ்போர்ட் பிரிஃபர்ட் நன்' என்று வரியில் எழுதிவைத்தால் இந்தத் தொல்லையே வராது.

கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவரைத் தடுக்க 'லாகின் பிளாக்-ஃபார்' உண்டு: 60 நொடிக்குள் மூன்று முறை தவறினால் 120 நொடிகள் கதவை மூடு என்பதுபோல் அமைக்கலாம். மூடும்போது எல்லோருக்கும் மூடிவிடும் என்பதால், வெளியாள் ஒருவர் வேண்டுமென்றே தவறாகத் தட்டிக்கொண்டே இருந்து நிர்வாகியையும் வெளியே நிறுத்தலாம். அமைதிக் காலத்திலும் நிர்வாக முகவரிகளை விடும் விலக்குப் பட்டியலை இதோடு சேர்த்தே எழுத வேண்டும்.

பூட்டிக்கொண்டால்

கடவுச்சொல் தொலைந்தால் கன்சோலும் கையும் தேவை. பல கேட்டலிஸ்ட் மாடல்களில் முகப்பில் உள்ள மோட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் சுவிட்ச் முழுதாக எழாமல் நிற்கும். உள்ளமைவுக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு எழுப்பினால் கடவுச்சொல் இல்லாத புதிய சுவிட்சாக எழும். பின்பு பழைய கோப்பை ஏற்றி, கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அலமாரியைத் திறக்க முடிந்த எவரும் இதைச் செய்யலாம் என்பதால், 'நோ சர்வீஸ் பாஸ்வேர்ட்-ரிகவரி' என்று இதை அணைத்துவைக்கவும் முடியும். அணைத்த பின் மீட்க முயன்றால் உள்ளமைவு அழிந்த பிறகே சுவிட்ச் திறக்கும்.

அந்தக் கட்டளையின் எடையை 2008இல் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் உணர்ந்தது. நகரத்தின் இழைவழிப் பிணையத்தைக் கட்டி நடத்திய பொறியாளர் ஒருவர் மட்டுமே அதன் கடவுச்சொற்களை வைத்திருந்தார்; மீட்பு வசதியையும் அணைத்திருந்தார். மேலதிகாரிகள் கேட்டபோது, அவர்கள் தகுதியற்றவர்கள் என்று கூறித் தர மறுத்தார். ஜூலை மாதம் கைது செய்யப்பட்டார். பிணையம் தடையின்றி ஓடிக்கொண்டே இருந்தது; அதற்குள் நுழையத்தான் நகரத்தில் வேறு யாராலும் முடியவில்லை. கடைசியில் மேயர் கேவின் நியூசம் சிறைக்கே சென்று அவரைச் சந்திக்க, அவரிடம் மட்டும் கடவுச்சொற்களைக் கொடுத்தார். 2010இல் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதனால் பல நிறுவனங்களில், மைய வழங்கியைச் சாராத ஓர் உள்ளூர் அவசரக் கணக்கின் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டு, பிணையப் பிரிவுக்கு வெளியே உள்ள ஓர் அதிகாரியின் பெட்டகத்தில் வைக்கின்றனர். உறை திறக்கப்பட்டால் நாளும் பெயரும் பதிவேட்டில் எழுதப்படும். அன்றே புதிய கடவுச்சொல் போட்டு, புதிய உறை வைக்கப்படும்.